இரண்டாம் நம்பர் இரும்பும் ஏரித் தவளையும்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகு நேராக நிற்கிறது, கால்கள் ஆடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தால் நான் நின்றுகொண்டே பேசியிருப்பேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, என் பெயர் தே. வேதமுத்து. வயது எழுபத்து நாலு. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றேன். கோவில்பதாகையில் சொந்த வீடு. மூன்று நாளாக நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும் ஜாபஸ் என் ஒரே மகன். அவன் வீசிய கோல்ஃப் குச்சியின் தலை கழன்று பறந்ததில் எங்கள் கிளப் செயலாளர் கஜபதி இறந்துபோனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வந்தது வேறு விஷயத்துக்கு. என் மகன் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி தப்பு. அதைத் திருத்தவேண்டும்.

அந்த வரிக்கு வருமுன் குச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தூரத்துக்கு அடிக்க இரண்டு வகைக் குச்சிகள் உண்டு. ஒன்று லாங் அயர்ன். தோசைத் திருப்பி போல மெல்லிய இரும்பு முகம். அதன் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் பந்து பட்டால் பறக்கும். நகக்கண் அளவு தள்ளிப் பட்டால் பந்து தரையில் உருளும். அடித்தவனுக்கு முழங்கை வரை விண்விண்ணென்று தெறிக்கும். இன்னொன்று ஹைப்ரிட். குரும்பை மாதிரி தடித்த தலை, எடையெல்லாம் அடியில். எங்கே பட்டாலும் பந்து எழும்பும். தப்பை மன்னிக்கும் குச்சி என்று கடைக்காரனே சொல்லி விற்கிறான். எங்கள் குடும்பத்தில் தப்பை மன்னிக்கிற வழக்கம் இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது லாங் அயர்னிலேயே கடினமானது, இரண்டாம் நம்பர். தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் என் தகப்பனார் தேவசகாயம் அங்கே பியூனாக இருந்தார். மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரி அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தன்னால் அடிக்க முடியாமல்தான் கொடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். சிலர் எதையும் சொல்வார்கள். முன்கூடத்தில், வேதவசனம் எழுதிய சட்டத்துக்குக் கீழே, வெல்வெட் உறையில் அது நிற்கும். ஒருநாள் என் மனைவி ஜெயகுமாரி அதை எடுத்து முருங்கைக்காய் பறித்துவிட்டாள். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சாம்பார் நன்றாக இருந்ததாக ஜாபஸ் சொன்னான்.

எங்கள் கிளப் பெரியதல்ல. ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால் ஒன்பது குழி. பச்சைப் புல் வளர்க்க அங்கே தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி மணலில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிச் சமன் செய்திருப்போம். அதற்கு பிரௌன் என்று பெயர். ஒன்றாம் குழிக்கு முன்னால் ஒரு ஏரி. ஆண்டு விழா அன்று காலை ஏழு மணிக்குக் குடும்பங்களெல்லாம் இந்தக் கரையில் கூடும். ஒரே ஒருவர் ஏரியைத் தாண்டி அந்தக் கரை பிரௌனுக்கு ஒரு பந்து அடிப்பார். பிறகுதான் போண்டா. அந்த முதல் அடிக்குத் திறப்படி என்று பெயர். இருபத்து நாலு வருடம் அதை அடித்தது நான், இரண்டாம் நம்பர் இரும்பால்.

காலை வெயில் கண்ணுக்கு நேராக இருக்கும். பந்து போகும் வழி யாருக்கும் தெரியாது. அதனால் அந்தக் கரையில் மைதானத் தொழிலாளி கோபியை நிறுத்துவோம். பந்து வந்து சேர்ந்தால் அவன் பச்சைத் துண்டை ஆட்டுவான். இருபத்து நாலு வருடமும் ஆட்டினான். அவன் சட்டைப் பையில் என் குறி போட்ட பந்து ஒன்று எப்போதும் இருக்கும். ஆயில் மணலில் பந்து புதைந்துபோனால் என்ன செய்வது என்று முன்னெச்சரிக்கையாக நான்தான் கொடுத்துவைத்தேன்.

இன்னொன்று. நான் அடித்ததும், துண்டு ஆடுவதற்குச் சற்று முன்னால், ஏரிக்குள் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ஏரியில் தவளைகள் அதிகம்.

போன வருடம் என் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. திறப்படி ஜாபஸுக்கு வந்தது. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். உடம்பில் குறை இல்லை. நாலு மாதம் இரண்டாம் நம்பரைப் பழகினான். கட்டைவிரல் வீங்கியது, குடியிருப்பில் இரண்டு ஜன்னல் கண்ணாடி போயிற்று. ஒருநாள் ஹைப்ரிட் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். கடைக்கு அழைத்துப்போய் அதை வாங்க வைத்தவர் கஜபதி.

“அப்பா, அத மனுசன் அடிக்க முடியாதுப்பா. பெரிய பெரிய ஆட்டக்காரனே தூக்கிப் போட்டுட்டான்.”

“உங்க தாத்தா அடிச்சாரு.”

“இன்னாத்த அடிச்சாரு? அத வெச்சி சாரப்பாம்பு ஒண்ண அடிச்சாருன்னு அத்த சொல்லுது. அதுவும் தப்பிச்சிடிச்சாம்.”

சமையலறையில் ஜெயகுமாரி சிரித்த சத்தம் கேட்டது. நான் இரண்டாம் நம்பரின் வெல்வெட் உறையைச் சரி செய்தேன்.

கஜபதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரும் எங்கள் தொழிற்சாலைதான், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. நான் செய்த உருப்படிகளை முப்பது வருடம் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, முடியளவு கூடிவிட்டதென்று திருப்பி அனுப்பியவர். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் அளந்துகொண்டே இருப்பது நல்ல பழக்கமல்ல.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இன்னா வேதமுத்து, ஹைப்ரிட்ல உம்புள்ள நெஜமாவே தாண்டிடுவான் போல கீதே. அப்ப இந்த வருசம் தவள குதிக்காதா நைனா? அதுக்கு லீவா?”

எல்லோரும் சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த யூசுப் பாய் மேஜை மேல் ஊற்றினார்.

“இருபத்தி நாலு வருசமா அந்தத் தவளைக்கி ஏழு மணி ஆனா கரீக்டா தெரியுது பாரேன். ஃபேக்டரி சங்கு ஊதினாக்கூட நம்மாளு லேட்டா வருவான்” என்றார் கஜபதி. “இந்த தபா கரையாண்டயே குந்திகினு பாக்கப் போறேன். எனக்கு ஒரு சேர் போட்டுடு.”

போடுகிறேன் என்றேன். சொன்னால் செய்கிற குடும்பம் எங்களுடையது.

அம்மா, என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். அந்த ஹைப்ரிட் சத்தமில்லாமல் ஏரியைத் தாண்டினால் ஊர் என்ன நினைக்கும்? சத்தமில்லாமல் தாண்டுவது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால், முந்தைய வருடங்களைப் பற்றி ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை நினைத்துக்கொள்வார்கள். நினைப்பதற்குக் கஜபதி எடுத்துக்கொடுப்பார். ஆகவே அந்தக் குச்சி நம்பத் தகுந்ததல்ல என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டவேண்டியிருந்தது. எடுத்துக்கொடுப்பவரையும் நிறுத்தவேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே வேலையில் முடிப்பது டூல் ரூம்காரனுக்குப் பெரிய காரியம் அல்ல.

ஹைப்ரிட்டின் தலை தண்டோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடு காட்டினால் பசை இளகும். முதலில் ஏழு பழைய ஹைப்ரிட்களை வாங்கி வந்து, அடுப்பில் சூடு காட்டிப் பசையை இளக்கி, லேசாகத் திரும்ப ஒட்டினேன். மொட்டைமாடியில் வலை கட்டி ஜாபஸை அடிக்கச் சொன்னேன். அவன் வீச்சு மாறாது. பத்து வயதிலிருந்து நான் கற்றுக்கொடுத்தது. அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வலப்பக்கம், பதினேழு அடி தள்ளி, ஒரு கோணியைத் தொங்கவிட்டேன்.

“இன்னாப்பா, எல்லாத்துலயும் தல கழண்டுக்குது?” என்றான்.

“பழசு.”

“அப்ப எதுக்குப்பா பழசா பாத்து வாங்கினு வந்த?”

“புதுசு தேயக்கூடாதுன்னு.”

ஏழில் ஐந்து தலைகள் கோணியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் பட்டன. ஒன்று தண்ணீர்த் தொட்டியில் பட்டது. ஒன்று ஜெயகுமாரி காயவைத்திருந்த வடகத்தில் விழுந்தது. ஏழுக்கு ஐந்து என்றால் கஜபதி அந்த உருப்படியைத் திருப்பி அனுப்பியிருப்பார். எனக்குப் போதுமானதாக இருந்தது. கோணியை நாலடி உயரத்தில் கட்டியிருந்தேன். உட்கார்ந்த மனிதனின் தலை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

விழாவுக்கு முந்தின நாள் புதுக் குச்சியையும் அதே மாதிரி தயார் செய்தேன். விழா அன்று ஆறு மணிக்கே போய், அடிக்கும் இடத்திலிருந்து பதினேழு அடியை நாடா பிடித்து அளந்து, கரையோர வேப்பமரத்தடியில் நாலு இடத்தில் சுண்ணாம்பால் குறி வைத்தேன். அதன் மேல் நாற்காலியைப் போட்டேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. இப்போது புரிந்திருக்கும்.

கஜபதி போண்டாவோடு வந்து உட்கார்ந்தார். விழாவுக்கு முன்னாலேயே போண்டாவை எடுத்துக்கொள்கிற உரிமை செயலாளருக்கு உண்டு. ஏரியை இன்னும் கிட்டத்தில் பார்க்க நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துக்கொண்டார். வெயில் படும் என்று சொல்லி நான் பழைய இடத்துக்கே நகர்த்திக் கொடுத்தேன்.

“இன்னா மரியாத, இன்னா மரியாத” என்றார். “மாமே, தவள வந்தா தட்டி எய்ப்பு.”

ஜாபஸ் அடித்தான். பந்தில் குச்சி பட்ட ஓசை நன்றாகவே இருந்தது, அதை மறுக்கவில்லை. அதன் பிறகு தலை தண்டில் இல்லை. இருநூற்று முப்பது கிராம் எடை. கஜபதியின் நெற்றிப்பொட்டில் பட்டது. அவர் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார். கையிலிருந்த போண்டா கீழே விழவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரர்களுக்கு அந்தப் பிடி உண்டு.

ஏரியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கஜபதி அதைக் கவனித்திருக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

இந்தக் கரையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கரையில் கோபி பச்சைத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்தில் அவனுக்கு இங்கே நடந்தது தெரியாது. அங்கே பிரௌனில் இரண்டு பந்துகள் கிடந்ததாக உங்கள் ஏட்டய்யா எழுதியிருக்கிறார். ஒன்று ஜாபஸ் அடித்தது. மற்றது கோபியின் சட்டைப் பையிலிருந்து தவறி விழுந்திருக்கும். குனிகிற வேலை செய்பவன், விழத்தான் செய்யும். “பய்க்க தோசத்துல கை போயிட்சி அண்ணாத்தே” என்று அவன் என்னிடம் அழுதான். அவனுக்குத் தன் கையைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியாது.

நீங்கள் ஜாபஸை அழைத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு நாள் நான் வரவில்லை. வருவதற்குக் காரணம் இருக்கவில்லை. விசாரணை நடக்கிறது, சட்டம் தன் வேலையைச் செய்கிறது. ஜெயகுமாரி கேரியரில் இட்லி எடுத்துக்கொண்டு வந்து போனாள். நான் வீட்டில் இருந்தேன்; வடகத்தைத் திரும்பக் காயவைத்தேன்.

இன்று காலை அவள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்கூடத்தில் நின்றாள்.

“மாடில நடந்தத அவன் வாயத் தெறந்து சொல்லலங்க. ஏழு குச்சியும் உங்க சூட்டு அடுப்பும் அவனுக்குத் தெரியும். அப்பாவக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு உக்காந்திருக்கான்.”

“வேற என்ன சொன்னான்?”

“ஏன் ஹைப்ரிட் வாங்குனன்னு கேட்டாங்களாம். அப்பா அடிச்ச பந்து ஒரு தடவகூட ஏரியத் தாண்டல, நானாச்சும் நெஜமா தாண்டிக் காட்டணும்னு வாங்குனேன்னு சொல்லியிருக்கான். இப்பவாவது போவீங்களா?”

உடனே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பாருங்கள், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டான், சொல்லக்கூடாததை எழுத்தில் கொடுத்துவிட்டான். அது கோர்ட்டுக்குப் போகும். சத்தமாகப் படிப்பார்கள். தேவசகாயத்தின் பெயரும் அதில் வரும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பசையை இளக்கியது நான். கோணியைக் கட்டியதும், சுண்ணாம்புக் குறி வைத்ததும், நகர்ந்த நாற்காலியைத் திரும்ப நகர்த்தியதும் நான். கஜபதியைக் கொன்றது நான். தெரிந்து, அளந்து, வேண்டும் என்றே கொன்றேன். ஜாபஸுக்கு இதில் பங்கு கிடையாது. அவன் கையும் ஒரு கருவிதான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

அதற்குப் பதிலாக நான் கேட்பது ஒன்றுதான். அவன் வாக்குமூலத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, இருபத்து நாலு வருடமும் அப்பா தாண்டினார் என்று எழுதுங்கள். சந்தேகமிருந்தால் கோபியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்ன சொல்லவேண்டும் என்பது அவனுக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று, வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.