தளர்ந்த வரிசை

பக்கவாட்டில் பின்னும் சால்வையில் ஒரு வசதி உண்டு, ஐயா. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போகிறோம். லேஸ் விளிம்பும் கூடவே வளரும். எந்த வரிசையில் நின்றாலும் அதுவரைக்கும் வேலை முழுசு. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துக்கொள்ளலாம். என் தம்பி மனைவி ஓஸ்லா பாதியில் விட்டதை நான் முடித்தேன். துவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, தம்பி மேன்ஸி ஊர் திரும்பியதும் அவன் மடியில் வைத்தேன்.

அவன் திமிங்கல வேட்டைக் கப்பலில் வடக்கே போயிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர். ஓஸ்லாவுக்கு ஆறு மாதம். சால்வை அந்தப் பிள்ளைக்குத்தான். மே மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "பிள்ளை வந்தா உங்க கட்டில் வேணும் மதினி. நீங்கதான் மீன் அறுக்க லெர்விக் போறீங்களே, அங்கயே தங்கிக்கலாம். கை நாத்தமும் அங்கயே இருக்கும்."

பெட்டி மாதிரிக் கதவு வைத்த கட்டில் அது. அம்மா செத்தது அதில்தான். இருபது வருஷம் ஹெர்ரிங் மீனுக்குக் குடலெடுத்து, விரலெல்லாம் உப்புப் புண்ணாகி, அந்த வீட்டுக்குக் கூரை போட்டவள் நான். கோபப்படவில்லை. கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், உரித்து முடித்தேன்.

மலையில் வெட்டி அடுப்பில் எரிக்கும் கரிமண் கட்டிகளைச் சுமக்கும் நாட்களில் முதுகில் கூடை இருக்கும், இடுப்புத் தோல்பட்டையில் ஊசி செருகியிருக்கும். நடந்தபடியே காலுறை பின்னுவோம். லேஸை யாரும் அப்படிப் பின்னுவதில்லை. கண் அதிலேயே இருக்க வேண்டும், வாய்க்குள் எண்ண வேண்டும். கிணற்றடியில் அவளோடு நாலு பெண்கள் இருக்கும்போது சொன்னேன்: "எங்க ஓஸ்லாவுக்கு உக்காந்தாத்தான் லேஸ் வரும்."

"நாளைக்கு நடந்துகிட்டே பின்னுறேன், கூடவே வந்து பாருங்க மதினி, கண்ணு தெரிஞ்சா" என்றாள் ஓஸ்லா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மலைப்பாதையில் கரிமண் வெட்டிய பழைய குழி ஒன்று, ஆளுயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். குறுக்கே ஒரு பலகை. பார்க்காமலே எல்லோர் காலும் அதில் ஏறும். மறுநாள் மேலே கரிமண் எடுக்கையில், மதியம், தண்ணீர் மொண்டு வருகிறேன் என்று இறங்கிப்போய் அதை நாலு அடி இடப்பக்கம் நகர்த்தினேன். ஒரு முனை உளுத்திருந்தது. நல்ல கரையாகப் பார்த்துப் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்ததுதான்.

இறங்கும்போது அவளை முன்னால் விட்டேன். கூடை நிறைய ஈரக் கட்டிகள், நெஞ்சுக்குக் குறுக்கே வார். சால்வையைப் பின்னி எண்ணிக்கொண்டே போனாள். எங்களிடம் ஒரு மரியாதை உண்டு: லேஸ் எண்ணுகிறவளைக் கூப்பிடக் கூடாது. ஒரு கண்ணி தப்பினால் வரிசையே போச்சு. நான் கூப்பிடவில்லை.

பலகை இருந்த பழைய இடத்திலேயே கால் வைத்தாள், குழிக்குள் விழுந்தாள். கரைமண் அவள் கைக்குப் பிடிபடவில்லை. கூடை பின்னுக்கு இழுத்தது. சால்வையின் முனையை என் பக்கம் நீட்டி, "புடிச்சு இழுங்க மதினி" என்றாள். இழுத்தால் லேஸ் கிழியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டியிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சால்வையை எடுத்தேன். ஒரு ஊசி அவள் இடுப்போடு போய்விட்டது. என் காலுறை ஊசி கொஞ்சம் தடிமன். அதை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து அந்த வரிசையை முடித்தேன். நடுவில் விட்டால் கண்ணி அவிழ்ந்துவிடும். விசாரிக்க வந்த நீங்கள் விரல் வைத்துக் காட்டிய தளர்ந்த வரிசை அதுதான். வேறெங்கும் என் கை தளராது.

அவள் கூப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டாள், மூன்று தடவை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐயா. அப்படி இருக்கிறவளைக் கூப்பிடக் கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.