உகந்தா சொன்ன பனை

அப்பம்லாம் நம்ம புன்னைவிளையில வீடு கொஞ்சம், பனைதான் கூடுதல். அந்தக் காலத்துல ஆதிலிங்கம்னு ஒரு பனையேறி இருந்தாராம். அவரு பெஞ்சாதி பேரு வெயிலுகந்தா. நம்ம குடும்பத்துல வாழ வந்தவதான், கேட்டுக்கிடுங்க.

புருசன் பனையேறி, புளிக்காம இருக்க உள்ள சுண்ணாம்பு பூசுன கலயத்தக் கட்டி, பதநீ எறக்குவாராம். அவ அத விடிலியில வச்சுக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவாளாம். விடிலின்னா என்ன, நாலு ஓலை சாத்துன குடிசை. அவரு ஏற, அவ காய்ச்ச, அவரு ஏற, அவ காய்ச்ச, அப்பிடியே போச்சு பொழப்பு.

ஒரு பங்குனியில, கெழக்க நின்ன நெட்டைப்பனையில இருந்து ஆதிலிங்கம் விழுந்துட்டாரு. விழுந்த எடத்துலயே உசுரு போயிட்டு.

ஊரு கூடித் தூக்கிட்டு வந்தாவ. உகந்தா எட்டிப் பாத்தாளாம். "இது யாரு? இது அவுக இல்ல. அவுக பனைக்குப் போயிருக்காவ"ன்னுட்டு, விடிலிக்குள்ள போயி அடுப்பப் பத்த வச்சாளாம். வெறும் அடுப்பு! தாலியக் கழத்தி வாங்க வந்த பொம்பளைகள எரியுத மட்டைய எடுத்து வெரட்டிட்டா. என்ன செய்வாவ? அவ இல்லாமலே கொண்டுபோயி அடக்கம் பண்ணிட்டு வந்தாவ.

ஆதிலிங்கத்துக்கு ஒரு தம்பி, சுயம்புன்னு. மைனி வெறும் அடுப்பு எரிக்கத அவனால பாக்க முடியல. பதநீ சொட்டுத பாளைய அன்னன்னைக்குச் சீவலன்னா காஞ்சு போகும், அது ஒரு கவலை. அதனால தன் பனையையும் ஏறி, அண்ணன் பனையையும் ஏறி, பதநீயக் கொண்டுபோயி சத்தங்காட்டாம விடிலி வாசல்ல வச்சுட்டு வந்துருவானாம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சான். அதுதான் வெனையாப் போச்சு.

"பாத்தியளா? செத்தவுகளா வந்து பதநீ எறக்கி வச்சுட்டுப் போறாவ? சொல்லுங்க!"ன்னு ஊரையே கேட்டாளாம் உகந்தா. சுயம்பு மறுநாளும் பதநீயக் கொண்டு வச்சான்.

சித்திரை போச்சு, வைகாசி வந்துட்டு. ரெண்டு ஆளு பனைய ஒத்த ஆளு ஏறுனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரு நாள் அண்ணன் விழுந்த அதே நெட்டைப்பனையில ஏறுதான். பாதிப் பனையில காலு வழுக்கிட்டு. நெஞ்சுத் தோலு உரிய உரியச் சறுக்கி, மரத்தக் கட்டிப்பிடிச்சு நடுவுல தொங்குதான். காஞ்ச ஓலை பெறக்க வந்த உகந்தா அதப் பாத்துட்டா.

"எய்யா சுயம்பு! எறங்குய்யா! உங்க அண்ணன் செத்துட்டாவய்யா! இந்தப் பனையில இருந்து விழுந்துதான் செத்தாவ! நீயும் செத்துராத, எறங்கிருய்யா!"

சுயம்பு மெல்ல எறங்குனான். "மைனி, அப்பம் ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். அவுக கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசுத பக்குவம் வேற, நீ கூடுதலாப் பூசுவ. பதநீய வாயில வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் காய்ச்சினேன். காய்ச்சிக்கிட்டு இருக்க நேரம் மட்டும் அவுக பனையில இருக்காவன்னு நெனச்சுக்கிடலாம்லய்யா."

சொல்லிட்டு, தாலியத் தன் கையாலயே கழத்திட்டு, அந்தப் பனையக் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, அன்னைக்கு ஊர்ல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியலன்னு சொல்லுவாவ.

அன்னையில இருந்து நம்ம ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. பனையேறி ஒருத்தன் செத்துட்டான்னா, அவன் வீட்டுக்காரி அந்த நெட்டைப்பனை அடிமூட்டுக்கு வந்து, "அவுக போயிட்டாவ"ன்னு தன் வாயால சொல்லணும். சொல்லுத வரைக்கும் செத்தவன் பனையில எவனும் ஏறக்கூடாது. எரக்கப்பட்டும் ஏறக்கூடாது. பாளை காஞ்சா காயட்டும். அதான் அந்த நெட்டைப்பனைக்கு உகந்தா சொன்ன பனைன்னு பேரு. சொல்லுன்னு யாரும் அந்த வீட்டுக்காரிய நெருக்கவும் மாட்டாவ. கோடை முழுக்க ஆளு ஏறாம நின்ன பனையெல்லாம் இங்க உண்டு.