குடுவையில் இருந்த காற்று

என் பெயர் பியூலா. வயது 28. தகப்பனார் பெயர் ஞானையா. சேலையூர், மாடம்பாக்கம் சாலையில் குடியிருக்கிறேன். தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். 9-8-1977 அன்று காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் கேட்டதன் பேரில் சொல்வதாவது:

என் அடுத்த வீட்டுக் கன்னியம்மா, ஜெயவேலு என்பவருடைய பட்டறையில் பித்தளைச் சாமான்களை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்துக் கழுவும் வேலை செய்கிறார். தோய்க்கும்போது செம்பழுப்புப் புகை எழும். ஆறு மாதமாக அவருக்கு இருமல். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் சொல்வார். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் கெடுதல் இல்லை என்று முதலாளி சொன்னதாக அவர் சொன்னார். அதன் பிறகு நான் காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கொடுத்து, புகை அடங்கியதும் பட்டறைக்குள் அதைத் திறந்து மூடிக் கொண்டுவரச் சொன்னேன். முதலாளியிடம் அனுமதி கேட்கவில்லை. அது என் தவறு, கன்னியம்மாவுடையது அல்ல.

இன்று காலை 11 மணியளவில் அவர் பட்டறை வாசலில் குடுவையுடன் பிடிபட்டார். சரக்கைத் திருடியதாக ஜெயவேலு புகார் கொடுத்தார். கேள்விப்பட்டு நான் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னாம்மா, இதுல ஒண்ணுமே இல்லியே?" என்றார். உள்ளே இருப்பது பட்டறைக் காற்று, அதை அளந்து காட்ட முடியும் என்றேன். அதன் பிறகு காவலர் சவுரிமுத்து குடுவையை எடுத்துக்கொள்ள, ஜெயவேலு, கன்னியம்மா உட்பட நாங்கள் நால்வரும் ஆய்வகம் சென்றோம்.

அங்கு இருட்டுப் பெட்டிக்குள் நீல லேசர் ஒளியைச் செலுத்தினேன். அந்தப் புகையின் வாயு துளியளவு இருந்தாலும் நீல ஒளியை வாங்கிக்கொண்டு சிவப்பாக ஒளிரும் என்றும், கண்ணுக்குப் படாத அந்த ஒளிர்வைக் கருவி உணர்ந்து தாளில் கோடு போடும் என்றும் விளக்கினேன். முதலில் வெளியே வேப்பமரத்தடியில் எடுத்த காற்றை விட்டேன். கோடு அடியிலேயே ஓடியது. அதன் பிறகு குடுவைக் காற்றில் பாதியை விட்டேன். பேனா தாளின் மேல் விளிம்பில் போய் இடித்து நின்றது. ஜெயவேலு மறுபடி செய்யச் சொன்னார். மீதியை விட்டேன், அப்படியே ஏறியது. வாயு கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டிப் போயிருக்கும், பட்டறையில் இதைவிட அதிகமாகவே இருக்கும் என்றேன்.

ஜெயவேலு முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு வருசமா நெஞ்சு அடைப்பு கீதும்மா. பீடியாலன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றார்.

"பொகையாலன்னுதான் மொதலாளி நானும் சொன்னேன், நீங்கதான் கேக்கல" என்றார் கன்னியம்மா.

நிலையத்துக்குத் திரும்பிய பிறகு ஜெயவேலு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். சுவரை உடைத்துப் புகை இழுக்கும் விசிறி வைப்பதாகவும், அதுவரை தோய்க்கும் வேலையை வெளியே திறந்த கொட்டகையில் நடத்துவதாகவும், கன்னியம்மா நாளையே வேலைக்கு வரலாம் என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். விசிறி வைத்த பின் மறுபடி அளந்து பார்க்க அனுமதி கேட்டேன். "வாம்மா, வாசல் வழியாவே வா" என்றார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) ஞா. பியூலா