நகல் எடுக்காமல் மூலத்தை எறிந்தவர்கள் முன்னிலையில்

கடந்த மாதம் பதினான்காம் தேதி, நம் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடிக் கிழக்குத் தாழ்வாரத்தில், அந்துப்பூச்சி அறையின் கதவுக்கு நேர் எதிரே, நறுமணம் தெளிக்கும் தானியங்கி இயந்திரம் ஒன்று சுவரில் பொருத்தப்பட்டது.

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய மேடம் அவர்களே! ஒரே அறையில், ஒரே கேள்வியோடு, ஒரே வகைப் பூச்சியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெருந்தகையே! வழக்கமான பணிநிறைவு வாழ்த்து மடலில் இந்த இடத்தில் ‘அறிவுக் கடலே, ஆற்றலின் சிகரமே’ என்று வரும். அந்தக் கடலைத் தூர்த்து விருந்தினர் அறை கட்டப்போகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. பொறுத்தருள்க.

உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களை ‘மூக்கு மேடம்’ என்றோம். அது உங்களுக்குத் தெரியும். அறைக்குள் நுழையும் எவரையும் வாசலிலேயே நிறுத்தி, “யாருய்யா அது, சென்ட் கடையையே தூக்கிட்டு வந்தது? போய்க் குளிச்சுட்டு வா. உள்ள கல்யாண நேரம்” என்பீர்கள். வந்தவர் மாணவரா, மந்திரிக்கு உறவா என்று பார்த்ததில்லை. மணமில்லாத சோப்பு, மணமில்லாத எண்ணெய், மணமில்லாத வாழ்க்கை! மகளின் திருமணத்தன்று அவள் ஆசையாக நீட்டிய சென்டைக்கூட, “காலையில கூண்டுக்குப் போகணும்டி” என்று விலக்கியவர் நீங்கள்.

அப்படிக் காத்த அறையில் நீங்கள் கண்டது என்ன? பெண் அந்துப்பூச்சி வால்நுனியைத் தூக்கிக் காற்றில் விடும் காதல் அழைப்பு, வானத்திலிருந்து விழுந்த புதுச் சரக்கு அல்ல என்பது. உடம்பின் கொழுப்பைப் பக்குவப்படுத்த எல்லாப் பூச்சிக்கும் ஒரு பழைய மரபணு உண்டு. எப்போதோ அதற்குத் தவறுதலாக ஒரு நகல் உண்டானது. மூலம் தன் வீட்டுவேலையை விடாமல் பார்த்தது. அதனால் நகலுக்குக் கடமை எதுவும் இல்லை. மாறுவதற்குச் சுதந்திரம் இருந்தது. பிழைமேல் பிழை சேர்ந்து, கடைசியில் அது வால்நுனிச் சுரப்பியில் வேலைக்கு அமர்ந்து, அதே கொழுப்பைச் சற்றே வேறு விதமாகத் திருத்தி, மணமாக்கி அனுப்பியது. எதிர்ப்புறத்தில் ஆணின் உணர்கொம்பும் அப்படியே: வேறெதையோ முகரப் பிறந்த ஒன்று, இந்த மணத்துக்குப் பழகிக்கொண்டது. “புதுசா ஒண்ணும் வாங்கலப்பா. வீட்ல இருந்த பாத்திரத்துலதான் விருந்தே” என்று எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்.

இதைத்தான் நிதிக்குழு ‘புதுமை போதாது’ என்று திருப்பி அனுப்பியது. ஒருமுறை அல்ல. இயற்கை புதிதாக எதையும் செய்வதில்லை என்று நிரூபிக்க வந்தவரிடம் புதுமை கேட்டவர்களுக்கு, இன்று மேடையில் பொன்னாடை.

இனி அந்த இயந்திரத்துக்கு வருவோம். “மூணாவது மாடி முழுக்கப் பூச்சி நாத்தம், பெரிய மனுஷங்க வந்து போற இடம்” என்று இயக்குநர் அவர்கள் கருதினார்கள். பூச்சியறைக்குக் காற்று அந்தத் தாழ்வாரத்திலிருந்துதான் போகிறது என்பதை எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் கூண்டுகளைக் கவனிக்கும் எங்கள் ஊழியரே சொல்லியிருப்பார். அந்த வாரம் முழுக்கப் பெண்பூச்சிகள் அழைத்தன. ஆண்பூச்சிகள் அவற்றை விட்டுவிட்டுக் காற்றுத் துவாரத்தின் கம்பிவலையை முட்டிக்கொண்டிருந்தன. முட்டை விழவில்லை. நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இனவரிசையில், துவாரத்துக்கு எட்டாத மூலையில் இருந்த ஒரே ஒரு கூண்டு தப்பியது.

இயந்திரத்தைக் கழற்றச் சொல்லி நீங்கள் இயக்குநரிடம் நேரில் போனீர்கள். “இன்னும் கொஞ்ச நாள்ல நீங்களே கிளம்பப் போறீங்க. அப்புறம் என்ன மேடம்?” என்று பதில் வந்தது. உங்கள் பதவி உங்களோடு முடிகிறது, அறை திங்கள் முதல் விருந்தினர் அறை, மிஞ்சிய கூண்டு குப்பைக்கு என்பதும் அங்கேயே சொல்லப்பட்டது. அதோடு ஒரு சிரிப்பு வேறு: “உங்க ஆராய்ச்சியே அதுதானே மேடம், இருக்கறதை வேற வேலைக்கு மாத்திக்கறது? நாங்களும் அதைத்தான் பண்றோம்.”

நீங்கள் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை போடாத தேநீர். எங்களுக்கு உங்கள் மேலும் கோபம் உண்டு, அந்த ஒரு நிமிடத்துக்காக. வாசனை சோப்புக்குத் துரத்திய நாக்கு அன்று எங்கே போனது?

நீங்கள் சொல்லாததை நாங்கள் சொல்கிறோம். இயக்குநர் அவர்களே, அது அப்படியல்ல. முதலில் நகல் உண்டாக வேண்டும். மூலம் வேலையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாற்றம். மூலத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்ட உயிர் எதுவும் எங்கள் கூண்டுகளில் பிழைத்ததில்லை. இவர் இடத்துக்கு நீங்கள் ஓர் ஆளைப் பழக்கவில்லை. இவர் பூச்சிக்கு இன்னோர் அறை தரவில்லை. இதற்கு இவருடைய ஆராய்ச்சியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அப்படிச் சிரிக்கும் முன் அதை ஒருமுறை படித்திருக்கலாம்.

மேடம் அவர்களே! நல்ல உடம்போடும் கெட்ட கோபத்தோடும் நெடுங்காலம் இருங்கள். இத்தோடு ஒரு சென்ட் பாட்டில் வைத்திருக்கிறோம். உங்கள் மகளிடம் கேட்டு வாங்கியது. அன்று நீங்கள் தொடாத அதே மணம். வாசற்கதவைத் தாண்டிய பிறகு தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். இனி உங்களைத் துரத்த யாரும் இல்லை.

இப்படிக்கு,
உங்களால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்,
மூன்றாம் மாடி.

கண்ணாடி போட்டு மாட்டும் முன் சேர்த்தது: மடல் பாதியில் இருக்கும்போது இயக்குநர் எழுந்து போனார். திங்கட்கிழமை அறை காலி செய்யப்பட்டது. கூண்டு காலியாக இருந்தது. அதிலிருந்த முட்டைகள் ஞாயிறன்றே பிரிக்கப்பட்டு, எங்களில் மூவர் வீட்டுக்கும் மேடம் வீட்டுக்கும் போய்விட்டன. சென்ட் பாட்டிலை மேடம் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.