கிழக்குப் பார்த்த ஜன்னல்

— இதுவா நீங்க சொன்ன இடம்? ஓர்லி கடற்கரையில கொண்டாந்து நிறுத்திட்டு, "பாரு ஷைலா, பாரு"ன்னா எதைப் பார்க்கறது? கடல் இருட்டாக் கிடக்கு. நிலாவைக் காணோம்.

— பம்பாயிலேயே அழகான இடம் இது. வெளிநாட்டுக்காரன்லாம் வந்து படம் பிடிச்சுட்டுப் போறான்.

— பிடிக்கட்டும். அவன் காலையிலேருந்து பிள்ளையாருக்குச் சங்கஷ்டி விரதமா இருக்கான்? நான் இருக்கேன். நிலாவைப் பார்த்துக் கும்பிட்டாத்தான் எனக்குச் சோறு. நம்ம வீட்டுப் பக்கத்துத் தாதர் பீச்சுலயும் இல்ல, இங்கயும் இல்ல. பஞ்சாங்கப்படி நிலா எப்பவோ வந்தாச்சு.

— பக்கத்து வீட்டுப் பாவனா மாதிரி போன்ல நிலாவைப் பார்த்துட்டுச் சாப்பிடேன்.

— அவ போன்லயே சாப்பிடவும் சாப்பிடுவா. என்னை அந்தக் கூட்டத்துல சேர்க்காதீங்க.

— அப்போ ஏறு வண்டியில. மரீன் டிரைவ் போலாம். அந்த விளக்கு வரிசையைப் பார்த்தா பசியே பறந்துடும்.

— விளக்கைச் சுத்த நான் என்ன விட்டில் பூச்சியா? சரி, ஓட்டுங்க. தலை சுத்துது, பள்ளத்துல விடாம ஓட்டுங்க.

— ...வந்தாச்சு. எப்படி? சும்மாவா சொன்னேன்?

— இங்கயும் நிலா இல்ல. முதுகுக்குப் பின்னாடி மாடி வீடுங்க மறைச்சுட்டு நிக்குது. ஏங்க, "இந்த ஊர்ல நல்ல காட்சி எங்கன்னு ஆபீஸே எங்கிட்டதான் கேட்கும்"னு பீத்திக்குவீங்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பீச்செல்லாம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கு?

— மேற்கு.

— நிலா எங்க உதிக்கும்?

— ...கிழக்குல.

— இதுக்கு ஒரு ஸ்கூட்டர், ஒரு ஹெல்மெட், அதுக்குள்ள ஒரு தலை!

— ஆபீஸ்ல எல்லாரும் சூரியன் மறையறதுக்குத்தான் இடம் கேப்பாங்க. நிலாவை யாரு கேட்டா?

— போதும். கிழக்கே பார்க்கற மாதிரி இந்த ஊர்ல ஒரு இடம்கூடவா இல்ல?

— ஒண்ணு இருக்கு. விடு, உனக்குச் சரிப்படாது.

— பசியில உயிர் போகுது. சொல்லித் தொலைங்க.

— சிவ்ரி. கழிமுகம் அப்படியே விரிஞ்சு கிடக்கும். ரோட்டுலேருந்து தெரியாது, குடோன் சுவரு மறைக்கும். நாலாவது மாடிக்கு ஏறணும்.

— யாரு வீட்டு நாலாவது மாடி?

— அண்ணன் வீடு.

— அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல? நம்ம கிரகப்பிரவேசத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னாடி, "ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரன் ஜட்டி காயுது, இதுக்கா இவ்வளவு பெருமை"ன்னு கேட்டவ உங்க அண்ணி இந்துமதி!

— அதுக்காக, அண்ணனுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனப்பக்கூட நீ வரல. சரி, அதை எதுக்கு இப்போ. வீட்டுக்குப் போலாம். நடுராத்திரி நிலா நல்லா மேல ஏறிடும், அப்ப மொட்டை மாடியில நின்னு பார்த்துக்கலாம்.

— அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். கிளப்புங்க வண்டியை. நிலாவைப் பார்ப்பேன், கும்பிடுவேன், இறங்கிடுவேன். அந்த இந்துமதிகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

— ...இங்கதான். மெதுவா ஏறு, கைப்பிடியைப் பிடிச்சுக்கோ.

— என்ன நாத்தம்! சேறும் மீனும். இங்க மனுஷங்க குடியிருக்காங்க, பாருங்க.

— சத்தமாப் பேசாத. அண்ணி! அண்ணி, கதவைத் திறங்க!

— வா தத்தா. வாங்க, வாங்க. கடற்கரைச் சீமாட்டி குடோன் பக்கம் எழுந்தருளியிருக்காங்க. மூக்கைப் பொத்திக்கிட்டே வா ஷைலா, எங்க வீட்டுல யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.

— நான் யார் வீட்டுக்கும் விருந்துக்கு வரல. ஜன்னல் எங்க?

— அந்தா, எங்க வீட்டுக்காரர் கட்டிலுக்கு மேல. பார்த்துப் போ, அவரை மிதிச்சுடாத.

— ...அம்மாடி. எவ்வளவு பெருசு! தண்ணியெல்லாம் வெள்ளி. அக்கா, தினமும் இப்படியா தெரியும்?

— அக்காவா? ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் நிலா வந்து ஞாபகப்படுத்துச்சாக்கும். கும்பிட்டு முடிச்சுட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசு, உன் குரலைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துட்டாரு. ஏன் தத்தா, "நிலா பார்க்கக் கூட்டிட்டு வர்றேன், அவளுக்கும் சேர்த்து மோதகம் பண்ணுங்க"ன்னு மத்தியானமே போன் பண்ணிட்டு, தாதர்லேருந்து சிவ்ரிக்கு வர இவ்வளவு நேரமா? எல்லாம் ஆறிப்போச்சு!