தூரத்து மேஜை

அந்தாளு ஏமாத்துப் பேர்வழி, ஜட்ஜம்மா தாயே. கேட்டீங்க, சொல்லிட்டேன். இந்த வழக்குல தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரங்கள்ல ஜூரி பொறுக்கறோம், இங்க இருக்கிற வக்கீல் யாரையாச்சும் தெரியுமான்னு கேட்டீங்கல்ல? தெரியுமாவா! பேரை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். அதோ, சாம்பல் கோட்டு. முன்னப்பின்ன பாக்காத மாதிரி பென்சில் சீவுறாரு பாருங்க.

சுருக்கமாவா? சரி, சுருக்கமாவே சொல்றேன். நான் லோய்ஸ் ஹ்ரோவாட். இதே க்ளீவ்லேண்டுல ஆத்தோரமா காயலான் கடை. எட்டாவதோட பள்ளிக்கூடம் சரி, மிச்சமெல்லாம் எடைமேடையில அடிபட்டுப் படிச்சது. இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி, ரயில்காரனோட செப்புக் கம்பிய, திருட்டுன்னு தெரிஞ்சே வாங்கினேன்னு என்மேல கேசு. அப்ப இந்தாளு ஃபெடரல் அரசாங்க வக்கீலு. ஜூரிக்குப் பக்கத்து மேஜை எப்பவும் அரசாங்கத்துக்குத்தானே? அங்கேருந்து எந்திரிச்சு, வெரல நீட்டி, இந்த மூஞ்சியப் பாருங்க, இது பொய் சொல்ற மூஞ்சின்னாரு. முக்கா மணி நேரம் என் மூஞ்சியப் பத்தியே பேச்சு. மூக்குக்கு மட்டும் பத்து நிமிஷம்!

சாட்சியா? என் பொண்டாட்டியோட தம்பி, மிலான். என் கடையில எடை போட்டவன். மாமாவுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வாங்கினாருன்னு கூண்டுல ஏறிச் சொன்னான். ஜூரி நம்பல, என்னை விட்டுட்டாங்க. என் வீட்டுக்காரி ஸ்லாவ்கா பாதி என்னை நம்பினா, பாதி தம்பிய நம்பினா. ரெண்டு பேருக்கும் சூப்பு ஊத்தினா. அப்படியே ஓடிருக்கும்.

நாலு வருஷம் கழிச்சு இந்தாளு அரசாங்கத்த விட்டுட்டு, முப்பதாவது மாடியில தனியா ஆபீஸ் போட்டாரு. கட்டடம் இடிக்கிற ஒருத்தன்மேல அரசாங்கம் கேசு போட, அவனுக்கு வக்கீலு. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுறாரு? என்னைய! இப்ப ஒக்காந்திருக்கிறது தூரத்து மேஜை. எந்திரிச்சாரு. அதே வெரலு. இந்த மூஞ்சியப் பாருங்க, இதுக்குப் பொய்யே வராதுன்னாரு. அதே முக்கா மணி நேரம். அதே மூக்கு!

ஸ்லாவ்கா அந்தப் பேச்ச கோர்ட்டுல நகல் வாங்கி, பிரேம் போட்டு, சமையக்கட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டா. அன்னைக்கே தம்பிக்குக் கதவச் சாத்தினவதான். பதினெட்டு வருஷமாச்சு.

அப்புறம் இவரு மறுபடி அரசாங்கம். பெரிய பதவி. போய்க் கேட்டேன், ஐயா, என் மூஞ்சி எந்த மூஞ்சி? வெளிய இருந்தப்ப பேசினத உள்ள இருந்துக்கிட்டுப் பேசக்கூடாதுன்னாரு. திரும்ப வெளிய வந்தாரு. உள்ள இருந்தப்ப பேசினத வெளியில பேசக்கூடாதுன்னாரு. யோவ், அப்ப வாசப்படியில நின்னு சொல்லுய்யான்னேன். காவல்காரனக் கூப்பிட்டாரு.

இன்னைக்கி தூரத்து மேஜையில இருக்காரு. அப்ப நான் யோக்கியன். சாயந்தரமே அரசாங்கம் கூப்பிட்டுச்சுன்னா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள திருடன்.

பின்னால யாரு சிரிக்கிறது? என் மூஞ்சி உங்களுக்கு இருந்தா தெரியும்!

நடுநிலையா தீர்ப்புச் சொல்ல முடியுமாவா? அதுக்கா வந்தேன், தாயே? எனக்கு எழுவத்தி மூணு. வயசச் சொல்லி எழுதிப் போட்டா வீட்டுல கெடக்கலாம். இந்தக் கட்டடத்துல எங்கயாச்சும் இந்தாளு ஆப்பிடுவான்னு வந்தேன். ஸ்லாவ்காவையும் இழுத்துட்டு வந்திருக்கேன். பின் பெஞ்சு, பச்சைத் தொப்பி.

மிலான் ஆஸ்பத்திரியில கெடக்கான். ஈரல் போச்சு, இந்த வாரம் தாண்டாதுங்கறாங்க. அக்கா, அக்கான்னு ஒரே பொலம்பல். பொய்ச்சாட்சி சொன்னவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு இவ ஒத்தக் கால்ல நிக்கிறா.

நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஏண்டி, திருட்டுக் கம்பின்னு தெரிஞ்சுதான் வாங்கினேன், ரயில்காரன் முத்திரைய என் கையாலதான் அரம் வெச்சு ராவினேன், உன் தம்பி சொன்னதுதான் நெசம்னு. அட, எழுதிக்கங்க, எனக்கென்ன? விடுதலையான கேசுக்கு மறுபடி பிடிக்க முடியாதாமே. அவதான் நம்ப மாட்டேங்கிறா. நீ தங்கமான மனுசன்யா, சாகப்போறவனுக்காக பழிய உன் தலையில போட்டுக்கிறியேன்னு கண்ணத் தொடைச்சுக்கிட்டே சுவத்துல இருக்கிற அந்த பிரேமக் காட்டுறா.

அதனால, என்னை ஜூரியில எடுங்க, எடுக்காமப் போங்க. யோவ், சாம்பல் கோட்டு! எந்திரி. பத்தடி நட. அந்தப் பக்கத்து மேஜைக்கு வா. வந்து நின்னு, நான் திருடன்தான்னு அவகிட்ட சொல்லுய்யா, அந்தப் பய சாகுறதுக்குள்ள!