முப்பது நாள் கூடை

பிரிசில்லா: படத்த எல்லாம் அழிச்சிட்டு வந்து, "போன் ரிப்பேர்காரி எடுத்துத் தருவா"ன்னா எப்டி அத்த?

அஞ்சம்மாள்: நான் எங்கடி அழிச்சேன்? எம் பொண்ணு படத்த பத்திரமா கூடையிலதான போட்டு வெச்சேன்!

பிரிசில்லா: எந்தக் கூடை?

அஞ்சம்மாள்: இதோ... கீழ. மூடி போட்டு, கோடு கோடா. மீன்கூடை.

பிரிசில்லா: ஐயோ அத்த! அது குப்பைத்தொட்டி!

அஞ்சம்மாள்: சிரிக்காதடி... குப்பைன்னா அப்பவே கொட்டியிருக்கும்ல? படம் இன்னும் தெரியுதே.

பிரிசில்லா: முப்பது நாள் வெச்சிருக்கும். அப்புறம் தானா காலியாயிடும். இதுல... இன்னிக்குத்தான் கடைசி நாள்.

அஞ்சம்மாள்: குப்பைய முப்பது நாளா! நாறாது?

பிரிசில்லா: போனுக்கு மூக்கு இல்லியே.

அஞ்சம்மாள்: அப்புறம் யாரு வந்து அள்ளிட்டுப் போறாங்க?

பிரிசில்லா: யாரும் இல்ல. "இந்த எடம் காலி"ன்னு குறிச்சுக்கும், அவ்ளோதான். வேற படம் வந்து உக்கார்ற வரைக்கும் பழசு அங்கயேதான் கெடக்கும். நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது.

அஞ்சம்மாள்: அதுக்கு ஏன் குப்பைத்தொட்டிய வரைஞ்சான்?

பிரிசில்லா: மொதல்ல கம்ப்யூட்டர்ல இத வரைஞ்சவங்க ஆபீஸ்காரங்க. மேசை, பைலு, பக்கத்துல ஒரு தொட்டி... அவுங்க பாத்தத வரைஞ்சாங்க.

அஞ்சம்மாள்: துறைமுகத்துல எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நாங்க நல்ல மீனத்தான் கூடை அடியில வெச்சு, மேல ஐஸ் போட்டு மூடுவோம்.

பிரிசில்லா: அதான்... சுவேதா படம் மட்டும் நூத்திப் பன்னெண்டு. ஒண்ணொண்ணா போட்டிருக்கீங்க.

அஞ்சம்மாள்: "ஓடிப்போனவ மூஞ்சி இந்த போன்ல இருக்கக் கூடாது"ன்னுட்டாரு உங்க மாமா. தெனம் வாங்கிப் பாக்குறாரு. கூடையக் கிளற மாட்டாருன்னு...

பிரிசில்லா: அத்த...

அஞ்சம்மாள்: வெளிய எடுத்தா அவரு கண்ணுல படும். உள்ளயே உட்டா நாளைக்கு இல்ல. ஏதாச்சும் பண்ணுடி.

பிரிசில்லா: வேற போனுக்கு அனுப்பிடலாம்.

அஞ்சம்மாள்: யாரு போனுக்கு?

பிரிசில்லா: சுவேதாவுக்கே. சிதம்பரத்துலதான்... கோச்சுக்காதீங்க அத்த. அவ ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

அஞ்சம்மாள்: தெரியும்டி. எங்க முதுநகர்ல இல்லாத போன் கடையா? பஸ் ஏறி செம்மண்டலத்துல உன் கடை வரைக்கும் எதுக்கு வந்தேன்? ...நல்லா இருக்காளா?